கரிக்காரன் கோயிலில் துளிர்த்த பெஞ்சு

மத்தியதரைக்கடலில் அஸ்கோரா என்று ஒரு தீவு உண்டு. வரைபடத்தில் தேடிப் பயனில்லை, அச்சடிக்கிறவர்கள் அதை மைத்துளி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். அந்தத் தீவின் துறைமுகத்துக்கு மேலே, ஏறினால் நாக்குத் தள்ளும் நூற்றுப் பன்னிரண்டு படிகளுக்கு அப்பால், ஆங்கிலேயருடைய சபையான ஆங்கிலிக்கன் சபையின் கோயில் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்றுதான் சொல்கிறேன், இருந்தது என்று இல்லை. இருந்தது என்று எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே சிலர் வந்தார்கள். அவர்கள் வந்ததையும் போனதையும் பற்றித்தான் இந்தக் கதை.

கோயில் பிறந்ததே ஒரு சண்டையில். ஆங்கிலேயர்கள் அந்தத் தீவைப் பிடித்து, போகிற வருகிற கப்பல்களுக்குக் கரி நிரப்பும் துறையாக வைத்திருந்த நாளில், கரிக் கிடங்கின் மேலதிகாரி காய்ச்சலில் செத்துப்போனார். வேற்றுச் சபைக்காரனுக்கு எங்கள் கல்லறையில் இடமில்லை என்று தீவுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள், கடலில் இறக்கிவிடலாம் என்று கவர்னர் சொன்னார், செத்தவருடைய மனைவி எலினோர் மட்டும் என் புருஷனை மீனுக்குப் போட மாட்டேன் என்று சொல்லி, ஒன்பது நாள் அவரை உப்புக் கொட்டகையில் உப்புக்குள் வைத்துக் காத்து, தீவிலேயே எதற்கும் உதவாத பாறை நிலத்தைத் தேடி வாங்கி, வெடி வைத்துக் குழி பறித்துப் புதைத்தாள். புதைத்த இடத்தை ஆடு மிதிக்கக் கூடாதென்று சுவர் எழுப்பினாள், ஒரு சுவருக்குத் துணையாக நான்கு சுவர் வந்தது, நான்கு சுவர் நின்றதும் கூரை போட்டாள், கூரை வந்ததும் மணி கட்டினாள், மணிச் சத்தம் கேட்டுக் கப்பல்காரர்கள் படியேறி வந்தார்கள். கல்லறை முந்தி, கோயில் பிந்தி. தீவுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கரிக்காரன் கோயில்.

வந்தவர்கள் உட்கார ஒன்றுமில்லை. அந்த வருஷமே துறைமுக வாயில் ஒரு சரக்குக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது, அதன் வயிறு முழுக்கத் தேக்கு. செங்கோட்டை மலையில் வெட்டித் தூத்துக்குடியில் ஏற்றிய மரம் என்று ஒவ்வொரு கட்டையிலும் சூடு போட்ட முத்திரை இருந்தது. எலினோர் அதில் பதினான்கு பெஞ்சு செய்தாள். குனிந்து பெஞ்சின் அடியில் பார்த்தால் அந்த முத்திரையை இன்றைக்கும் பார்க்கலாம். செங்கோட்டைத் தேக்கு நூற்றைம்பது வருஷம் வெள்ளைக்காரப் பாவாடைகளையும் கால்சராய்களையும் சுமந்துகொண்டு, மெழுகும் துணியும் தவிர வேறெதையும் அறியாமல் சும்மா கிடந்தது.

பிறகு கரி போயிற்று, கப்பல் போயிற்று, ஆங்கிலேயர் கொடியை மடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் கோயிலுக்கு வந்தவர்கள் மூன்று பேர்: ஹார்க்னெஸ் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர், வாக்கர் சகோதரிகள் என்ற இரண்டு கிழவிகள். மாதம் ஒரு முறை பக்கத்துத் தீவிலிருந்து படகில் ஐயர் வருவார். எங்கள் பக்கம் சர்ச்சில் ஆராதனை நடத்துகிற குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். ஹார்க்னெஸ்தான் கோயிலின் வார்டன், சாவியும் கணக்கும் அவர் பொறுப்பு. தடித்த மினிட் புத்தகம் ஒன்று அவரிடம் உண்டு. மணி அடித்த நேரம் முதல் மெழுகுவர்த்தி உருகிய அளவு வரை அதில் எழுதுவார், எழுதாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தப் புத்தகத்தில் ஒரு நாள் ஞானதிரவியம் வந்து சேர்ந்தார். சாயர்புரத்துக்காரர், கப்பல் சமையல்காரர். நெஞ்சுவலி என்று அஸ்கோராவில் இறக்கினார்கள், இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். உடம்பை ஊருக்கு அனுப்ப ஆளில்லை. ஹார்க்னெஸ், 'ஞானஸ்நானம் பெற்றவர்தானே? அப்படியானால் இடம் உண்டு' என்று சொல்லி, எலினோர் புருஷனுக்குப் பக்கத்துக் குழியைக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து, கையில் ஒரு பையோடும் மாற்றிக் கட்ட இரண்டு சேலையோடும், கல்லறையைப் பார்க்க வந்தாள் அவருடைய மனைவி பாக்கியசீலி. பார்த்துவிட்டுப் போவதாகத்தான் விசா. அவள் போகவில்லை. மூத்த வாக்கர் கிழவியைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் ஆள் தேவைப்பட்டது, அவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். அவளைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக நாங்கள் வந்தோம். நாசரேத்து, மெஞ்ஞானபுரம், நாகர்கோவில், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளி என்று, அவளையும் சேர்த்து ஏழு பெண்கள், எல்லோரும் யாரோ ஒருவருடைய அப்பா அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலைக்காரிகள். வார நாளெல்லாம் பெயரில்லாமல் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து, செருப்பை வாசலில் விட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்றாம் பெஞ்சில் உட்காரும்போதுதான் எங்களுக்கு மூச்சே வரும்.

முதல் வருஷம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் வைப்பது என்று முடிவு செய்தோம். எல்லோரும் கூடிச் சமைத்து, வருகிறவர் யாராக இருந்தாலும் உட்கார வைத்துச் சோறு போடுவதுதான் அசனம். அதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊரில் என்ன செய்வோமோ அதையே இங்கேயும் செய்தோம்: வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்து, தரையோடு பெஞ்சையும் சேர்த்து ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டோம். ஹார்க்னெஸ் வந்து பார்த்து வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மெழுகு! இந்த மரத்துக்கு மெழுகு மட்டும்தான்! நூற்றைம்பது வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இதில் பட்டதில்லை!"

"அதாஞ் சார் இம்புட்டு அழுக்கு," என்றாள் பாக்கியசீலி. அவள் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் அது சாயர்புரத்து ஆங்கிலம். "கோயிலைக் கழுவாம யாராவது அசனம் வைப்பாகளா? காலைத் தூக்குங்க சார், ஓரமா ஊத்தணும்."

அவர் காலைத் தூக்கினார். பிறகு உள்ளே போய் மினிட் புத்தகத்தைத் திறந்து எழுதினார். அன்றிலிருந்து கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை என்று நாங்கள் ஊற்றிக்கொண்டே இருந்தோம், அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் வருஷம் மே மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதத்திலிருந்து இரண்டாம் பாடம் வாசிக்கும்போது மூன்றாம் பெஞ்சின் இடது கைப்பிடி துளிர்த்தது. சேலைத் தலைப்பு எதிலோ மாட்டியது என்று பாக்கியசீலி திரும்பினாள், கட்டைவிரல் அளவில் இரண்டு இலைகள், உள்ளே ரத்தச் சிவப்பு, மேலே பச்சை. அவள் தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டு சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள். பாடம் முடிந்தது, பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது.

"தேக்குல்லா," என்றாள் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே. "தண்ணி பட்டா துளிர்க்கத்தான செய்யும்."

அடுத்த மாதத்துக்குள் பதினான்கு பெஞ்சும் துளிர்த்தன. ஆடிக்காற்று நம் ஊரில் அடிக்கிற சமயத்தில் அவை ஆள் உயரம் வளர்ந்தன, கால்கள் கல் தரையைப் பிளந்துகொண்டு வேர்விட்டன, வேர் சுவருக்கு அடியில் புகுந்து கல்லறைத் தோட்டம் வரை போயிற்று. கோயில் அதற்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொண்டது. பாட்டு எண் போடும் பலகையை ஐந்தாம் பெஞ்சின் கிளையில் தொங்கவிட்டோம். கிளை வெட்டுகிற முறை யாருக்கு என்று பட்டியல் போட்டோம். கூரையில் ஒன்பது ஓடுகளைக் கழற்றி மரத்துக்கு வழி கொடுத்தோம். தேக்குப் பூ உதிர்கிற காலத்தில் இளைய வாக்கர் கிழவிக்குத் தும்மல் வருகிறதென்று பிரசங்கத்தைப் பத்து நிமிஷமாகக் குறைத்தார் ஐயர். மரத்தால் விளைந்த நன்மைகளில் அதுவே பெரிது என்று ஹார்க்னெஸ் உட்பட எல்லோருமே ஒத்துக்கொண்டோம். பிரதிஷ்டை அசனத்துக்கு அந்த வருஷம் காகிதத் தட்டு வாங்கவில்லை. தேக்கிலையில் சோறு போட்டோம். சூட்டில் சோற்றின் ஓரம் இளஞ்சிவப்பாயிற்று, சாப்பிட்டவர் கையெல்லாம் சிவந்தது. தீவில் மரம் என்றால் குள்ள ஒலிவமரம்தான். பாதி ஊர் நிழலுக்காகவே படியேறி வந்து, உட்கார்ந்து சாப்பிட்டு, கை சிவக்க இறங்கிப் போயிற்று. எலினோர் புருஷனுக்குக் குழி தர மறுத்தவர்களின் வம்சத்தார்தான் அவர்கள், சாம்பார் இரண்டாம் தடவை கேட்டார்கள். ரொட்டிக்கடை ஸ்பீரோ மறுநாளே வந்து, ரொட்டி பொதிய இலை கேட்டான்.

அந்த ஸ்பீரோதான் எங்களுக்குத் தீவின் சட்டத்தைச் சொன்னவன். அஸ்கோராவில் நிலம் வேறு, மரம் வேறு. நிலம் யாருடையதாக இருந்தாலும், இரண்டு கோடை தண்ணீர் ஊற்றி வளர்த்தவருக்குத்தான் மரம் சொந்தம். அவர் மரத்துக்குப் போகிற வழியை யாரும் அடைக்கக் கூடாது, அதன் வேர் போகும் தூரம் வரை யாரும் மண்ணைத் தோண்டக் கூடாது. அவனுடைய தாத்தா ஊற்றி வளர்த்த ஒலிவமரம் இப்போது போலீஸ் நிலையத்துக்குள் நிற்கிறது. ஸ்பீரோ தினமும் வாளியோடு லாக்கப் வழியாக நடந்து போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கிறவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வருவான். அன்றைக்கு நாங்கள் இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. தீவில் ஆளுக்கு நாளைக்கு ஆறு வாளி தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் சபையின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், தீவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சபையார் மூன்று பேரே எஞ்சியிருப்பதால் ஆலயம் மூடப்படுகிறது. கட்டடம் ஒரு ஹோட்டலுக்கு விற்கப்படுகிறது. பெஞ்சுகள் அதன் மதுக்கூடத்தில் மரியாதையோடு பயன்படுத்தப்படும். கல்லறைத் தோட்டத்தில் நீச்சல் குளம் அமைய இருப்பதால் அங்குள்ள எலும்புகள் பொருத்தமான பொது இடம் ஒன்றுக்கு மாற்றப்படும்.

மூன்று பேராம். எங்கள் ஏழு பேரையும் விசாக் காகிதத்தில் தேடியிருக்கிறார்கள், பெஞ்சில் தேடவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. பாக்கியசீலி கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஞானதிரவியத்தின் கல்லுக்கு அருகில் கைப்பருமனில் ஒரு தேக்கு வேர் புடைத்து நின்றது. அதில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"உசுரோட இருந்தவரைக்கும் கப்பல் கப்பலா அலைஞ்சாக," என்றாள். "இப்பதான் ஒரு எடத்துல படுத்திருக்காக. இனி எங்கயும் வரமாட்டாக. நான் விடமாட்டேன்."

"என்னக்கா செய்யப் போறியள்?" என்று கேட்டாள் சுண்டிக்குளி ராஜமலர்.

"சனிக்கிழமை என்ன செய்வோம்? கழுவுவோம்."

அந்தக் கோடை முழுக்கக் கழுவினோம். ஆறு வாளியில் ஒரு வாளியை ஆளுக்கு ஆள் மிச்சம் பிடித்து, குளிக்கிற தண்ணீரைக் குறைத்து, அரிசி களைந்ததையும் சேர்த்து, நூற்றுப் பன்னிரண்டு படி ஏற்றினோம். தீவில் ஒலிவமரமே கருகியது, எங்கள் தேக்கு ஓர் இலையும் வாடவில்லை. ஹார்க்னெஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, "நீங்கள் நிறுத்துவதாகவே இல்லையா?" என்று கேட்பார். நிறுத்துவதாக இல்லை என்று சொல்வோம். எழுதப் போவார்.

செப்டம்பரில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள்: தலைமை அலுவலகத்துப் பெரிய ஐயர் ஒருவர், ரம்பமும் அளவு நாடாவும் வைத்திருந்த ஹோட்டல் ஆட்கள் நான்கு பேர், கையெழுத்துகளைச் சரிபார்க்கத் தீவின் நிலப் பதிவாளர் கலியோப்பி என்ற அம்மாள். பின்னாலேயே ஸ்பீரோவும் பாதி ஊரும் படியேறி வந்து வாசலில் நின்றது. பெரிய ஐயர் கடைசி ஜெபம் ஒன்றைச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டு, "அன்பானவர்களே, எழுந்து வெளியே வாருங்கள்," என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ரம்பக்காரன் மூன்றாம் பெஞ்சின் பக்கத்தில் வந்து நின்றான். பாக்கியசீலி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மரம் எங்களுது," என்றாள்.

பெரிய ஐயர் மெல்லச் சிரித்தார். "அம்மா, அது மரமில்லை. பெஞ்சு."

"துளிர்த்த பெறவு மரம்."

எல்லோரும் கலியோப்பியைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டு, ஒரு கிளையை இழுத்துப் பார்த்து, வேர் போன வழியே கல்லறைத் தோட்டம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "மரம்தான்," என்றாள். "யார் ஊற்றியது?"

"நாங்க. இது ரெண்டாவது கோடை."

"எழுத்தில் சாட்சி வேண்டும். அதுவும் உங்கள் ஆளாக இருக்கக் கூடாது. நீங்கள் ஊற்றியதால் லாபம் எதுவும் அடையாதவர், தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும். சட்டம் அப்படி."

ஊற்றினோமே தவிர, ஊற்றினோம் என்று யார் எழுதி வைப்பார்கள்? பெரிய ஐயர் ரம்பக்காரனுக்குத் தலையசைத்தார். ரம்பம் கைப்பிடியில் பட்டது. பாக்கியசீலி தன் கையை எடுத்து ரம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்தாள்.

அப்போது பீடத்துக்குப் பக்கத்திலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹார்க்னெஸ் மினிட் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஹார்க்னெஸ்," என்றார் பெரிய ஐயர் தணிந்த குரலில், "அந்தப் புத்தகம் அலுவலகச் சொத்து. என்னிடம் கொடுத்துவிடுங்கள்."

"கொடுக்கிறேன். வாசித்துவிட்டு," என்றார் அவர். "நான் இவர்களுக்கு வேண்டியவன் இல்லை என்பதைப் பதிவாளர் குறித்துக்கொள்ளட்டும். இவர்கள் இந்த மரத்துக்குச் செய்ததை நான் முதல் நாளிலிருந்து எதிர்த்து வந்திருக்கிறேன், இன்றும் எதிர்க்கிறேன்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

"ஆகஸ்ட் பதினான்கு. இந்தியப் பெண்கள் பெஞ்சுகள் மீது வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆட்சேபித்தேன். காலைத் தூக்கச் சொன்னார்கள். டிசம்பர் இருபத்து மூன்று. மறுபடியும் தண்ணீர். இந்த முறை சோப்புத் தூளும். ஏப்ரல் இரண்டு. மறுபடியும். மே பதினேழு. மூன்றாம் பெஞ்சில் இலை. தண்ணீரால் வந்த கேடு என்பதில் சந்தேகமில்லை. நான் எச்சரித்திருந்தேன்."

"நான் இந்தியா இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது," என்று முணுமுணுத்தாள் ராஜமலர். நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

"ஜூன் ஆறு. எந்தப் பண்டிகையும் இல்லை. ஆனாலும் ஊற்றினார்கள்." வாசலில் ஊர் சிரித்தது. அவர் நிமிரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு கோடையை முடித்து, மறு கோடைக்கு வந்தார்.

"போதும்," என்றார் பெரிய ஐயர்.

"இன்னும் ஒன்பது இருக்கிறது," என்றார் ஹார்க்னெஸ். "ஜூலை பதினொன்று. தீவில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு. இவர்கள் தாங்கள் குளிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து மரத்துக்கு ஊற்றுகிறார்கள். நிறுத்தச் சொன்னேன்." பக்கத்தை விரலால் தடவினார். "நிறுத்தவில்லை."

மீதி எட்டையும் ஒன்று விடாமல் வாசித்தார். முடிந்ததும் கலியோப்பி அந்தப் புத்தகத்தை வாங்கி, தேதிகளைச் சரிபார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தினாள். நில அளவையாளரின் எழுத்து, கோடு போட்டது போல இருந்தது. "மரம் இவர்களுடையது," என்றாள். "வழியை அடைக்க முடியாது. வேர் போன தூரம் வரை மண்ணைத் தொட முடியாது. நிலத்தை நீங்கள் தாராளமாக விற்கலாம். நடுவில் பதினான்கு மரமும், சுற்றிலும் கல்லறையும், சனிக்கிழமைதோறும் ஏழு பெண்களும் இருக்கிற நிலத்தை யாராவது வாங்கினால்."

ரம்பக்காரன்தான் முதலில் இறங்கிப் போனான். போகும்போது ஸ்பீரோவிடம் இலை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். பெரிய ஐயர், இது முடிந்த விஷயமல்ல, தலைமை அலுவலகம் மறுபடியும் எழுதும் என்றார். எழுதட்டும். கல்லறைக்கு இடமில்லை என்று அன்றைக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்த்தார்கள், அதனால்தான் இந்தக் கோயிலே வந்தது.

பாக்கியசீலி எழுந்தாள். இரண்டரை மணி நேரமாக அவள் எழுந்திருக்கவில்லை. மூலையில் நாங்கள் மூடி வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, படியிறங்கத் திரும்பிய பெரிய ஐயர் பார்க்கும்படியாக, மூன்றாம் பெஞ்சின் அடியில் முழுசாகக் கவிழ்த்தாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடி ஹார்க்னெஸின் சப்பாத்தை நனைத்தது. அவர் காலைத் தூக்கவில்லை.

"இன்னைக்கும் ஊத்தியாச்சு சார்," என்றாள். "எழுதிக்கிடுங்க."

அவர் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, தேதி போட்டார். பிறகு நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"உங்கள் முழுப் பெயர் என்ன?"

அவள் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதி, சரியா என்று காட்டினார். அந்தப் பக்கம் இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வாசிக்கலாம்:

'செப்டம்பர் பத்தொன்பது. பாக்கியசீலி ஞானதிரவியம் தன் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். வழக்கம்போல் அளவுக்கு அதிகமாக.'